சின்னஞ்சிறு சொற்களில் இருக்கிறது ஆங்கிலம்

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியிலும் கல்லூரியிலும் ஆங்கிலம் பயின்ற ஒருவர், ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைப் பெரிய தடையின்றிப் படித்துவிடுகிறார். ‘டிட்டீரியரேட்’, ‘டாலரேட்’, ‘எக்ஸ்டிங்விஷ்’ போன்ற நீண்ட சொற்கள் அவரை மிரட்டுவதில்லை. அவரிடமே ‘தி மில்க் ஹேஸ் கான் ஆஃப்’ என்று ஓர் ஆங்கிலேயர் சொன்னால், பால் எங்கே போயிற்று என்று திகைத்துப்போகிறார். பால் கெட்டுவிட்டது என்பதே அதன் பொருள். அத்தொடரில் உள்ள ‘கோ’வும் ‘ஆஃப்’பும் அவர் தொடக்க வகுப்பிலேயே எழுத்துக்கூட்டிப் படித்தவை. அன்றாட ஆங்கிலத்தைக் கற்பவர் படும் இடர்ப்பாட்டில் பெரும்பகுதி இத்தகையதே: தனித்தனிச் சொற்கள் தெரியும், அவை கூடும்போது பிறக்கும் பொருள் தெரியாது.

இதற்கு வரலாற்றுக் காரணம் ஒன்று உண்டு. 1066-ஆம் ஆண்டில் நார்மண்டியின் கோமகன் வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின், அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி கோலோச்சியது. சமயத்திலும் கல்வியிலும் இலத்தீன் முன்பே வேரூன்றியிருந்தது. வயலிலும் பட்டறையிலும் அடுப்படியிலும் பாடுபட்ட மக்களோ தங்கள் பழைய ஆங்கிலத்தை விடாமல் பேசிவந்தனர். சில நூற்றாண்டுகளுக்குப் பின் ஆங்கிலம் மீண்டும் ஆட்சி மொழியாகத் தலையெடுத்தபோது, ஒரே பொருளுக்கு இரண்டு சொற்கள் என்னும் நிலை பல இடங்களில் நிலைத்துவிட்டது. எழுத்துக்கும் அலுவலுக்கும் ‘டாலரேட்’, பேச்சுக்கு ‘புட் அப் வித்’. அறிக்கைக்கு ‘போஸ்ட்போன்’, வீட்டுக்கு ‘புட் ஆஃப்’. தமிழ்நாட்டு மாணவர் ஆங்கிலத்தைப் பாடநூல் வழியாகவும் அலுவலகக் கடிதங்கள் வழியாகவும் அடைவதால், முதல் அடுக்கு அவருக்கு எளிதில் வாய்க்கிறது. ஆங்கிலேயக் குழந்தை மூன்று வயதில் பேசும் இரண்டாவது அடுக்கோ கடைசிவரை கைக்கெட்டாமல் நின்றுவிடுகிறது.

‘புட்’ என்னும் ஒரு வினையை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தாலே இது விளங்கும். தனியே நின்றால் ‘வை’ என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடு. ‘புட் அவுட்’ என்றால் விளக்கையோ தீயையோ அணை. ‘புட் ஆன்’ என்றால் உடுத்திக்கொள், எடை குறித்துச் சொன்னால் உடம்பு போடு. ‘புட் அப்’ என்றால் விருந்தாளியைத் தங்கவை. அதனுடன் ‘வித்’ என்னும் சிறு சொல் சேர்ந்தால் பொறுத்துக்கொள். ‘புட் டவுன்’ என்பது கலகத்தைக் குறித்து வந்தால் அடக்கு என்றும், மனிதரைக் குறித்து வந்தால் மட்டம் தட்டு என்றும், நோயுற்ற நாயையோ குதிரையையோ குறித்து வந்தால் வலியின்றிக் கொன்றுவிடு என்றும் பொருள்படும். இந்தக் கடைசிப் பொருளை அறியாதவர், கையில் இருக்கும் நாயைக் கீழே இறக்கிவிடச் சொல்வதாக எண்ணிக்கொள்ளக் கூடும்.

வினையுடன் ‘அப்’, ‘அவுட்’, ‘ஆஃப்’ போன்ற இடைச்சொல் இணைந்து ஒரு புதிய வினையாகவே நடப்பதை ஆங்கில இலக்கணத்தார் ‘ஃப்ரேஸல் வெர்ப்’ என்பர். தமிழில் இதைத் தொடர்வினை எனலாம். லோகன் பியர்சால் ஸ்மித் 1925-இல் எழுதிய நூலில் இப்பெயர் வழக்குக்கு வந்தது. ஆனால் அதற்கு ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்பே, 1755-இல் வெளியான தம் அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சன், அயல்மொழியாருக்கு ஆங்கிலத்தில் மிகக் கடினமானது இவ்வகைச் சேர்க்கையே என்று வெளிப்படையாக எழுதிவைத்தார். அகராதி என்றாலே அருஞ்சொற்களின் தொகுப்பு என்று பலரும் கருதிய காலத்தில், எல்லாரும் அறிந்த சொற்களுக்கே கூடுதலாக விளக்கம் தேவை என்று அவர் கண்டது அவருடைய நுண்ணறிவுக்குச் சான்று. அந்தச் சுமை இன்றும் குறையவில்லை: 1989-இல் வெளியான ஆக்ஸ்போர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவைப் பெற்ற சொல், மூன்றே எழுத்துக்கள் கொண்ட ‘செட்’.

தொடர்வினைகளின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் இருந்தாலும், கற்பவர் அஞ்ச வேண்டியதில்லை. பத்துக் கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் தேசியச் சொற்களஞ்சியத்தை டீ கார்ட்னர், மார்க் டேவிஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் கணினி வழி ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, 20 வினைகளும் 8 இடைச்சொற்களும் தம்முள் கூடிப் பிறக்கும் சேர்க்கைகளே அதில் பயின்றுவரும் தொடர்வினைகளில் பாதிக்கு மேல் இடம்பிடிக்கின்றன. அந்த 20 வினைகளும் ‘கோ’, ‘கம்’, ‘டேக்’, ‘கெட்’ போன்று எவரும் அறிந்தவை.

இடைச்சொற்களுக்கும் ஓரளவு ஒழுங்கான பொருள் உண்டு. ‘ஈட் அப்’, ‘யூஸ் அப்’, ‘டிரிங்க் அப்’ என வரும் ‘அப்’புக்கு மேல்நோக்கிய இயக்கம் எதுவும் இல்லை, மிச்சமின்றி முடிப்பதையே அது குறிக்கிறது. ‘குடித்துவிடு’, ‘தின்று தீர்’ என்பவற்றில் ‘விடு’, ‘தீர்’ ஆகிய துணைவினைகள் செய்யும் வேலையும் ஏறத்தாழ இதுவே. குழந்தையிடம் ‘பாலைக் குடித்துவிடு’ என்னும் தாய், பாலை எங்கும் விட்டுவிடச் சொல்லவில்லை என்பதைத் தமிழர் எவரும் நொடியில் அறிவர். அந்த அறிவையே ஆங்கிலத்தின் பக்கம் திருப்பினால் போதும். வேறுபாடு ஒன்றை மட்டும் தனியே பழக வேண்டும்: தமிழில் துணைவினை முதல்வினையை விட்டு விலகுவது அரிது, ஆங்கில இடைச்சொல்லோ செயப்படுபொருளுக்கு வழிவிட்டு விலகி நிற்கும். ‘புட் இட் ஆஃப்’ என்று சொல்ல வேண்டுமேயன்றி ‘புட் ஆஃப் இட்’ என்று சொல்லலாகாது.

அயல்மொழியார்க்கு முதலில் எந்தச் சொற்களைக் கற்பிப்பது என்னும் கேள்விக்கு விடை தேடும் முயற்சி, இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் தீவிரமாக நடந்தது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1921-இல் ஆசிரியர்களுக்கென 10,000 சொற்களை அவற்றின் பயிற்சி மிகுதிப்படி தொகுத்தார். இங்கிலாந்தில் சி. கே. ஆக்டன் 1930-இல் ‘பேசிக் இங்கிலிஷ்’ என்னும் திட்டத்தை வெளியிட்டு, 850 சொற்களே அன்றாடத் தேவைக்குப் போதும் என்றார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரதமர் சர்ச்சிலே இதற்கு ஆதரவாகப் பேசினார். ஆக்டன் வினைகளைப் பதினெட்டாகச் சுருக்கிவிட்டு, எஞ்சிய வினைகளின் வேலையை ‘புட்’, ‘கெட்’, ‘டேக்’ ஆகியவற்றுடன் இடைச்சொற்களைச் சேர்த்து நிறைவேற்றலாம் என்று கொண்டார். எண்ணிக்கை குறைந்தது, சுமை குறையவில்லை. ‘டாலரேட்’ என்னும் ஒரு சொல்லைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, ‘புட் அப் வித்’ என்பதைப் புதிய சொல்லாகவே எண்ணாமல் விடுவது கணக்கில் நேர்த்தியாக இருக்கலாம். அதைக் கற்கும் தமிழனுக்கோ ஜப்பானியனுக்கோ இரண்டில் எது எளிது என்பதை அத்திட்டம் கேட்டுப்பார்க்கவில்லை.

கேட்டுப்பார்த்தவர் மைக்கேல் வெஸ்ட். டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய அவர், வங்காள மாணவர்களின் நிலையை நேரில் கண்டு 1926-இல் இருமொழியம் பற்றிய தம் அறிக்கையை வெளியிட்டார். பள்ளியில் சேரும் பிள்ளைகளில் மிகப் பலர் இடையிலேயே நின்றுவிடுகிறார்கள் என்பதும், அவர்கள் அதுவரை படித்த ஆங்கிலம் எதற்கும் உதவாமல் வீணாகிறது என்பதும் அவரை வருத்தின. ஆயுள் காப்பீட்டைப் பாதியில் முறிப்பவருக்குக் கிடைக்கும் தொகையைச் ‘சரண்டர் வேல்யூ’ என்பது போல, ஆங்கிலப் படிப்பை எந்த ஆண்டில் நிறுத்தினாலும் அந்த அளவுக்கு ஒரு பயன் மாணவன் கையில் மிஞ்ச வேண்டும் என்று அவர் வாதிட்டார். அதற்காகவே அரிய சொற்களை நீக்கிப் பெருவழக்குச் சொற்களால் கதைகளைத் திருப்பி எழுதி, புதுச் சொற்களை ஒரே பக்கத்தில் குவிக்காமல் இடைவெளி விட்டு அமைத்து, வாசிப்பு நூல்களை உருவாக்கினார். ஏழை மாணவனின் நேரத்தை மதித்து எழுந்த சிந்தனை இது. இன்று உலகெங்கும் விற்கும் எளிய வாசிப்பு நூல்களுக்கு முன்னோடிகளில் ஒன்று வங்காளத்து வகுப்பறையில் பிறந்தது என்பது பரவலாக அறியப்படாத செய்தி. 1953-இல் அவர் பதிப்பித்த பொதுப்பயன் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 தலைச்சொற்கள் இருந்தன. ஒவ்வொரு சொல்லும் எந்தப் பொருளில் எத்தனை விழுக்காடு வருகிறது என்பதையும் அப்பட்டியல் காட்டியது. சொல் மட்டுமன்றி, சொல்லின் எந்தப் பொருளை முதலில் கற்க வேண்டும் என்பதையும் அது ஆசிரியருக்குச் சுட்டியது.

இதே காலத்தில் ஜப்பானில் வேறொரு வேலை நடந்தது. 1922-இல் அங்குச் சென்ற ஹெரால்டு பால்மரும், 1924-இல் சென்ற ஏ. எஸ். ஹார்ன்பியும், சொற்கள் ஒன்றோடொன்று கூடும் முறையைத் தொகுக்கலாயினர். பால்மர் 1933-இல் வெளியிட்ட அறிக்கை, ஆயிரக்கணக்கான சொற்சேர்க்கைகளை ஒருங்கே திரட்டித் தந்தது. ஹார்ன்பியும் அவருடைய தோழர்களும் உருவாக்கிய அகராதி 1942-இல், போர் மூண்டிருந்த வேளையில், டோக்கியோவில் அச்சாயிற்று. அதையே 1948-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. தமிழ்நாட்டு நூலகங்களிலும் கல்லூரி விடுதிகளிலும் இன்றளவும் புழங்கும் ஆக்ஸ்போர்டு மாணவர் அகராதியின் முதல் வடிவம் அதுவே.

சொற்சேர்க்கை என்றால் என்ன என்பதைத் தமிழ் படித்தவருக்கு விளக்குவது எளிது. மாலை தொடுத்தாள், கூடை முடைந்தாள், கோலம் இட்டாள், சுவர் எழுப்பினார் என்பவை மரபு. கூடை தொடுத்தாள் என்றால் இலக்கணம் பிழைக்கவில்லை, மரபு பிழைத்தது என்று தமிழாசிரியர் திருத்துவார். ஆங்கிலத்துக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. கடுந்தேநீர் ‘ஸ்ட்ராங் டீ’. வலிமையைக் குறிக்கும் மற்றொரு சொல்லான ‘பவர்ஃபுல்’ தேநீருக்கு ஆகாது, காருக்கு ஆகும். மொழியியலாளர் ஹாலிடே எடுத்துக்காட்டிய இணை இது. ‘மிஸ்டேக்’ என்பதற்கு முன் ‘மேக்’ வரும், ‘ஹோம்வொர்க்’ என்பதற்கு முன் ‘டூ’ வரும். மழை பெய்தால் அது ‘ஹெவி’, காற்று வீசினால் அது ‘ஸ்ட்ராங்’. இதற்கெல்லாம் காரணம் கேட்பதில் பயனில்லை. லாகூரில் பேராசிரியராக இருந்து பின்னர் இலண்டனில் மொழியியல் துறையை வளர்த்த ஜே. ஆர். ஃபர்த், ஒரு சொல்லை அதனோடு சேர்ந்து வரும் சொற்களைக் கொண்டே அறிய வேண்டும் என்று 1957-இல் வலியுறுத்தினார். அவர் வழியில் வந்த ஜான் சின்க்ளேர், பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் பெருந்தொகையான வாக்கியப் பகுதிகளைக் கணினியில் திரட்டி 1987-இல் வெளியிட்ட கோபில்டு அகராதி, ஒவ்வொரு சொல்லுக்கும் முழு வாக்கியத்தாலேயே விளக்கம் தந்தது. மக்கள் பேசும்போது சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்குவதைக் காட்டிலும், முன்பே இணைந்துகிடக்கும் தொடர்களை முழுதாக எடுத்து ஆளுவதே மிகுதி என்பது அவர் கண்ட முடிவு.

அடுத்து, உண்மையான மரபுத்தொடர்கள். சொற்களின் பொருளைக் கூட்டிப் பார்த்தும் மொத்தப் பொருள் பிடிபடாத தொடரே ‘இடியம்’. ‘கிக் தி பக்கெட்’ என்பது வாளியை உதைப்பதன்று, சாவது. 1785-இல் ஃப்ரான்சிஸ் க்ரோஸ் தொகுத்த கொச்சைமொழி அகராதியிலேயே இத்தொடர் இருக்கிறது. கற்பவர் அதன் பொருளை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு, துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் அதைச் சொல்லிவிட்டால் நேரும் புண்பாடு பெரிது; ஏனெனில் அது ‘மண்டையைப் போட்டார்’ என்பதற்கு நிகர். அங்குச் சொல்ல வேண்டியது ‘பாஸ்ட் அவே’. அது ‘காலமானார்’, ‘இயற்கை எய்தினார்’ என்பவற்றுக்கு இணையானது. மங்கலமல்லாததை மங்கலமாகச் சொல்லும் இவ்வழக்கை நன்னூல் ‘மங்கலம்’ எனப் பெயரிட்டுத் தகுதி வழக்கில் வைத்திருக்கிறது. பொருள் ஒன்றாயினும் இடம் வேறு என்னும் இந்த உணர்வு தமிழருக்குப் புதிதன்று. ஆங்கில மரபுத்தொடர்களை நீண்ட பட்டியலாக அச்சிட்டு எதிரே பொருளை மட்டும் தரும் மலிவுப் பதிப்பு நூல்கள் இந்த ஒன்றைத்தான் விட்டுவிடுகின்றன. அவற்றால் விளையும் கேடு சிறிதன்று.

பல தொடர்களின் பிறப்பிடம் கடல். பாய்மரக் கப்பலின் பாய்களைக் காற்று திடீரென எதிர்ப்புறம் அழுத்திக் பாய்மரத்தோடு ஒட்டச்செய்தால், கப்பல் முன்னேற முடியாமல் நின்றுவிடும். அந்நிலைக்கு மாலுமிகள் இட்ட பெயர் ‘டேக்கன் அபேக்’. இன்று எதிர்பாராத செய்தியால் திடுக்கிட்டு நிற்பவரை அத்தொடர் குறிக்கிறது. எதிர்க்காற்றுக்கு நெருங்கிச் செல்வது ‘பை’, பின்காற்றில் விரிந்து செல்வது ‘லார்ஜ்’. இரு நிலையிலும் நன்றாக ஓடும் கப்பலைப் பற்றிய பேச்சிலிருந்து வந்த ‘பை அண்ட் லார்ஜ்’ என்பதற்கு இன்று ‘பொதுவாகப் பார்த்தால்’ என்று பொருள். விளையாட்டுத் திடலும் தன் பங்கைத் தந்திருக்கிறது. இங்கிலாந்தில் இக்கட்டான நிலை ‘ஸ்டிக்கி விக்கெட்’, தானாக முன்வந்து செய்வது ‘ஆஃப் ஒன்ஸ் ஓன் பேட்’; கிரிக்கெட் அறிந்த தமிழருக்கு இவை எளிதில் பிடிபடும். அமெரிக்காவில் தோராயமான தொகை ‘பால்பார்க் ஃபிகர்’, எதிர்பாராத சிக்கல் ‘கர்வ்பால்’. இவை பேஸ்பால் ஆட்டத்தின் சொத்து. தொடரின் பிறப்பை அறிந்தால் அது மனத்தில் நன்றாகப் பதியும். ஆனால் இணையத்தில் உலவும் பிறப்புக் கதைகளில் கட்டுக்கதைகளும் கலந்திருப்பதால் விழிப்பு வேண்டும். பூனையும் நாயுமாக மழை பெய்ததாகச் சொல்லும் தொடருக்கு, கூரை வேய்ந்த வீடுகளின் மேல் படுத்துறங்கிய விலங்குகள் மழையில் வழுக்கி விழுந்தன என்னும் கதை அவற்றுள் ஒன்று.

இந்தத் தொடரைத்தான் நம் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக முதலில் கற்பிக்கிறார்கள். ரோசமண்ட் மூன் ஒரு கோடியே எண்பது லட்சம் சொற்கள் கொண்ட தொகுப்பை ஆராய்ந்து 1998-இல் வெளியிட்ட நூல், பெரும்பாலான மரபுத்தொடர்கள் பத்து லட்சம் சொற்களுக்கு ஒருமுறைகூட வருவதில்லை என்று காட்டியது. வகுப்பறைகளில் புகழ்பெற்றவை பல அங்கே மிக அரிதாகவே தென்பட்டன. ஆகவே வண்ணமயமான தொடர்களைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் அளவுக்குத் தெரிந்துவைத்தால் போதும். வாயில் வர வேண்டியவை, வண்ணமற்ற எளிய தொடர்கள்.

அவற்றுள் முதன்மையானவை பண்பாட்டுத் தொடர்கள். ‘வுட் யூ மைண்ட் ஓப்பனிங் தி விண்டோ’ என்று கேட்டால், ஜன்னலைத் திறக்க இசைபவர் ‘நாட் அட் ஆல்’ என்றே சொல்ல வேண்டும். ‘உங்களுக்குத் தடையுண்டா’ என்பதே கேள்வியாதலால், ‘யெஸ்’ என்பது மறுப்பாகிவிடும். ‘ஐ ஆம் அஃப்ரெய்ட் ஹி இஸ் நாட் இன்’ என்பதில் அச்சம் எதுவுமில்லை; அவர் இல்லை என்பதை வருத்தத்தோடு தெரிவிக்கும் பணிவு அது. ‘ஹவ் ஆர் யூ’ என்பதற்குத் தன் உடல்நிலையை விரித்துரைக்க வேண்டியதில்லை, ‘சாப்பிட்டாச்சா?’ என்று தெருவில் கேட்பவர் இலையில் என்ன பரிமாறினார்கள் என்று அறிய விரும்புவதில்லை அல்லவா? செய்தியைத் தெரிவிக்காமல் உறவை மட்டும் பேணும் இப்பேச்சுக்கு மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923-இல் ‘ஃபாட்டிக் கம்யூனியன்’ என்று பெயரிட்டார். கடினமான சொல் ஒன்றைத் தவறாகச் சொன்னால் கேட்பவர் பொறுத்துக்கொள்வார். இவற்றில் தவறினால், சொன்னவர் முரடர் என்று எண்ணிக்கொள்வார். அதனால் இவையே முதல் பாடமாக அமைவது நியாயம்.

இந்தியாவில் ஆங்கிலத்துக்குத் தனி வழக்குகள் உண்டு என்பதையும் கற்பவர் அறிந்திருக்க வேண்டும். வெளியூர் சென்றிருப்பதைக் குறிக்கும் ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’, அலுவலகக் கடிதங்களில் வாழும் ‘டூ தி நீட்ஃபுல்’, முன்கூட்டி நடத்துவதைக் குறிக்கும் ‘ப்ரீபோன்’ ஆகியவை கோடிக்கணக்கானோர் ஆளும் சொற்கள். அவற்றைப் பிழை என்று ஒதுக்குவது அறியாமை. கேட்பவர் யார் என்பதே இங்கு அளவுகோல். கல்லூரிப் படிப்பை முடித்ததைச் சொல்ல ‘பாஸ்ட் அவுட்’ என்று எழுதினால் சென்னையில் எவரும் தடுமாறமாட்டார். இலண்டனிலோ நியூயார்க்கிலோ நேர்காணல் செய்பவருக்கு அது மயங்கி விழுந்ததைக் குறிக்கும். அங்கே ‘கிராஜுவேட்டட்’ என்பதே பாதுகாப்பானது. பிரிட்டனும் அமெரிக்காவும்கூடத் தமக்குள் இப்படி மோதிக்கொள்வதுண்டு: அவையில் ஒரு பொருளை ‘டேபிள்’ செய்தல் என்றால் பிரிட்டனில் விவாதத்துக்கு எடுத்தல், அமெரிக்காவில் விவாதத்தை ஒத்திவைத்தல்.

பேச்சு ஆங்கிலத்தைத் தங்குதடையின்றிப் பின்தொடர 6,000 முதல் 7,000 சொற்குடும்பங்கள் தேவை என்று நியூசிலாந்து அறிஞர் பால் நேஷன் 2006-இல் கணித்தார். சொற்குடும்பம் என்பது ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் சேர்ந்தது. படித்த தமிழர் பலரிடம் இந்த அளவில் பெரும்பகுதி ஏற்கெனவே இருக்கிறது. அவர்கள் புதிய சொற்களைத் தேடி அலைவதைவிட, கையில் உள்ள சொற்களின் பதிவுகளுக்குத் திரும்புவதே பயன் தரும். ஆக்ஸ்போர்டு மாணவர் அகராதியில் ‘கெட்’, ‘டேக்’, ‘புட்’ போன்ற வினைகளின் பதிவு சில பக்கங்கள் நீளும். தனிப்பொருள்கள் முடிந்த பின் மரபுத்தொடர்கள் ஒரு தொகுதியாகவும், அதற்கடுத்துத் தொடர்வினைகள் இடைச்சொல்லின் அகரவரிசையில் இன்னொரு தொகுதியாகவும் வரும். பேச்சுவழக்கு, கொச்சை, பழவழக்கு, பிரிட்டிஷ், அமெரிக்கன் என்னும் குறிப்பும் தேவையான இடங்களில் இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு தொடர்வினை என்று எடுத்து, பொருளை மட்டும் எழுதாமல் அங்குள்ள எடுத்துக்காட்டு வாக்கியத்தை முழுதாக ஏட்டில் எழுதி, வாய்விட்டும் படிக்க வேண்டும். படிக்கும்போது அழுத்தம் பெரும்பாலும் வினையில் விழாது, இடைச்சொல்லில் விழும்: ‘கான் ஆஃப்’ என்பதில் ஓங்கி ஒலிப்பது ‘ஆஃப்’.